சேம அச்சு: ஜீப்பின் வரலாற்றில் பெயரில்லாத கைகள்

1

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு விற்கும் உமணர்களின் வண்டியைப் பற்றிச் சொல்கிறார். எருதுகள் இளசு, நுகம் பழகாதவை. பாரமோ அதிகம். போகிற வழியில் மேடு வருமோ பள்ளம் வருமோ, யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் உமணர்கள் கிளம்புகிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. பொகுட்டெழினி என்கிற தலைவனுக்கு அது உவமை. எம்.ஏ. வகுப்பில் இந்த உவமையின் நயத்தை நாங்கள் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறோம். அந்த அச்சைச் செதுக்கியவன் யார் என்று வாத்தியாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே ஔவையார் 206ஆம் பாட்டில் தச்சனின் கைத்திறமுள்ள பிள்ளைகளைக் கொண்டுவருகிறார். மழுவோடு காட்டுக்குள் போகிறவனுக்கு எந்தப் பக்கம் போனாலும் மரம் உண்டு, அதுபோலப் புலவனுக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்கிறார். இங்கேயும் தச்சன் உவமைதான். கைவேலை செய்கிறவன் நம் இலக்கியத்துக்குள் வருவதானால் பெரும்பாலும் வேறு யாருக்காவது உவமையாகத்தான் வரவேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை உவமையைப் பற்றியது அல்ல. நிஜமான இரும்பைப் பற்றியது: ஒரு ஜீப்பிலிருந்து ஒரு என்ஜினைக் கழற்றி வேறொரு என்ஜினை ஏற்றுவது. இதிலென்ன வரலாறு, இதிலென்ன விமர்சனம் என்று நண்பர்கள் கேட்கலாம். தொழில்நுட்ப வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது கண்டுபிடித்தவர்களின் வரலாறு. இன்ன ஆண்டு இன்னார் இதைக் கண்டுபிடித்தார், இன்ன கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பொருள் அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் ஓடியதே, அதை ஓடவைத்தது யார்? டேவிட் எட்ஜர்டன் என்கிற வரலாற்றாசிரியர் இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியைப் புத்தகமாகவே எழுதினார். கண்டுபிடிப்பிலிருந்து அல்ல, பயன்பாட்டிலிருந்து வரலாற்றை எழுத வேண்டும் என்பது அவர் வாதம். நம் சூழலில் அப்படி எழுதப்பட்டது மிகக் குறைவு.

2

ஜீப்பின் பிறப்பிலிருந்தே தொடங்கலாம். 1940இல் அமெரிக்க ராணுவம் சின்னதாக, லேசாக, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று கேட்டபோது முதலில் செய்துகொடுத்தது பாண்டம் என்கிற சிறிய கம்பெனி. 49 நாள் கெடுவில் கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் மாதிரி வண்டி போய்ச் சேர்ந்தது. பாண்டத்தின் வரைபடங்களை ராணுவம் வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. ஃபோர்டு தன் மாதிரி வண்டியில் தன்னிடமிருந்த டிராக்டர் என்ஜினைக் கொஞ்சம் மாற்றி வைத்தது. வில்லிஸிடம் 60 குதிரைசக்தி கொண்ட 'கோ-டெவில்' என்ஜின் இருந்தது. கடைசியில் ஜெயித்தது அந்த என்ஜின்தான். ஒப்பந்தப்படி ஃபோர்டும் வில்லிஸின் என்ஜினைத்தான் செய்து வைக்க வேண்டியிருந்தது. வண்டியின் முகத்தில் இருக்கிற தகட்டுக் கம்பியமைப்போ ஃபோர்டு கண்டுபிடித்தது. யுத்தம் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. பாண்டம் இழுவை வண்டி செய்யப் போய்விட்டது.

ஆக, அசல் ஜீப் என்று ஒன்றைத் தேடிப் போனால் கிடைப்பது ஒருவனின் உடல், இன்னொருவனின் இதயம், மூன்றாமவனின் முகம். பிற்பாடு மெக்கானிக் ஒட்டுப்போட்டதால் கெட்டுப்போன 'தூய ஜீப்' என்று எதுவும் இல்லை. மூலத்திலேயே ஒட்டு இருக்கிறது.

இதற்கு நம் ரோட்டில் ஓடிய சாட்சியே உண்டு. 1953இல் வில்லிஸ் தன் சிவிலியன் ஜீப்பில் 'ஹரிகேன்' என்ற புதிய என்ஜினை வைத்தது. உள்ளிழுக்கும் வால்வு மேலே போனதால் என்ஜின் உயரமாகிவிட்டது. பழைய பானெட் மூடவில்லை. என்ன பண்ணுவது? பானெட்டை உயர்த்தினார்கள். சிஜே 3பி என்று பெயர். இந்தியாவில் மகிந்திரா பல பத்தாண்டுகள் செய்து விற்றது இந்த உயர்ந்த பானெட் வண்டியைத்தான். போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும், பி.டி.ஓ. ஆபீஸ் மரத்தடியிலும், தேர்தல் பிரச்சாரத்திலும் நாம் பார்த்துப் பழகிய அந்த முகம், அழகுக்காக யாரும் வரைந்தது அல்ல. ஓர் என்ஜின் மாற்றத்தின் தழும்பு அது.

மகிந்திராவின் கதையிலும் ஒரு மாற்றம் உண்டு. 1945இல் அது 'மகிந்திரா அண்ட் முகமது'. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சராகவும் பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் கம்பெனி 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. முதலெழுத்துகள் அப்படியே இருக்க, உள்ளே ஆள் மாறிவிட்டார்.

3

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறியது இந்த வரலாற்றின் மையமான சம்பவம். இதை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று படிக்கக்கூடாது. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932இல் தொடங்கிய பெர்கின்ஸ் கம்பெனி, லாரிகளின் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கத்தக்க டீசல் என்ஜின்களை விற்றே வளர்ந்தது. சென்னையில் 1840இல் தொடங்கி குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன், 1950களில் செம்பியத்தில் பெர்கின்ஸ் என்ஜின்களைச் செய்யத் தொடங்கியது. தொழிற்சங்க வரலாற்றில் செம்பியத்துக்கு உள்ள இடம் இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். அங்கே வார்க்கப்பட்ட இரும்பு எத்தனை விதமான வண்டிகளின் வயிற்றுக்குள் போயிற்று என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் பெட்ரோல் ஜீப் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற காரியமாயிற்று. கம்பெனியே 1970களில் இன்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் என்ஜினை ஜீப்பில் வைத்தது. 1940இல் ஃபோர்டு செய்து பார்த்ததை இங்கே வேறு காரணத்துக்காக மறுபடி செய்தார்கள். 1979இல் பெஜோ என்கிற பிரெஞ்சுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜின் வந்தது. கம்பெனி செய்ததை 'மாடல்' என்றார்கள். ஏற்கெனவே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் ஜீப்புகளுக்கு ஊர் ஊராக ஒர்க்ஷாப்புகளில் அதையே செய்தவர்களின் வேலைக்குப் பெயர் 'கன்வர்ஷன்'. செய்கை ஒன்றுதான். ஒன்று கேட்லாக்கில் ஏறியது, மற்றது ஏறவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. பிலிப்பைன்ஸில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, வண்ணமடித்து, ஜீப்னி ஆக்கினார்கள். 1953இல் அதற்கென்று பட்டறை தொடங்கிப் பெயர்பெற்ற லியோனார்டோ சராவ் குதிரை வண்டி ஓட்டியவர். காலப்போக்கில் ஜீப்னிக்குள் ஜப்பானில் பழசாகிக் கழிக்கப்பட்ட டீசல் என்ஜின்கள் வந்து உட்கார்ந்தன. 2017இல் அந்த நாட்டு அரசாங்கம் 'நவீனமயமாக்கல்' என்று சொல்லி அவற்றை ஒழிக்க முனைந்தபோது ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சென்னையின் மீன்பாடி வண்டிகளும் இந்த வம்சம்தான். மிதிக்கிற வண்டியில் பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பூட்டி எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு வாகனமே கிடையாது.

4

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் எழுதியதை எண்பதுகளிலிருந்து தமிழில் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வகை மனிதர்களை அவர் முன்வைத்தார். ஒருவன் பொறியாளன்: திட்டம் போட்டு, அதற்கான பொருளையும் கருவியையும் தருவித்துக்கொள்கிறவன். இன்னொருவன் பிரிகொலேர்: கையில் கிடைத்த பழைய மிச்சங்களை வைத்துக் காரியத்தை முடிக்கிறவன். தொன்ம சிந்தனை இரண்டாமவனைப் போல வேலை செய்கிறது என்றார். 1966இல் தெரிதா இந்த எதிர்வைக் கட்டுடைத்தார். எல்லாவற்றையும் தானே மூலத்திலிருந்து படைக்கிற அந்தப் பொறியாளனே ஒரு தொன்மம்தான், பிரிகொலேர் உண்டாக்கிய தொன்மம் என்றார்.

நம் சிறுபத்திரிகைகளில் இது பிரதியைப் பற்றிய விவாதமாகவே நின்றுவிட்டது. கவிதை எப்படி முந்தைய கவிதைகளின் மிச்சங்களால் ஆனது என்று பேசினோம், சரி. எண்ணெய்க் கறை படிந்த நிஜமான பிரிகொலேர் தெருமுனை ஒர்க்ஷாப்பில் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தான். அவனை நாம் பார்க்கவே இல்லை. மூளை உழைப்புக்கும் கை உழைப்புக்கும் நடுவே சாதி போட்ட சுவரை, கோட்பாடு பேசிய நாமும் தாண்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பார்த் 1957இல் வந்த புத்தகத்தில் ஒரு புதிய சிட்ரோயன் காரைப் பற்றி எழுதினார். பழைய காலத்துத் தேவாலயங்களுக்கு இணையாக நம் காலத்தில் இருப்பது கார்தான் என்றார். அது கண்காட்சியில் மின்னிய கார். பழுதாகி, பிரித்துப்போட்டு, வேறொன்றின் உறுப்பால் உயிர்பெறுகிற காரைப் பற்றி அவரும் எழுதவில்லை.

5

எனக்கு இது தெரியவந்தது சொந்த அனுபவத்தில். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு தேனிப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் கூலி, இழப்பீடு விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர்கள் சிலர், ஏலத்தில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை எடுத்தார்கள். மலை ஏறி இறங்கியதில் கையிலிருந்த காசெல்லாம் பெட்ரோலாகக் கரைந்தது. விபத்தில் நொறுங்கிய வேறொரு ஜீப்பின் டீசல் என்ஜின் மலிவாகக் கிடைத்தது. மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. முதலில் போன ஒர்க்ஷாப்பில் "அதெல்லாம் ஏத்திரலாம் சார், நாலு நாள் வேலை" என்றார்கள். நாலு மாசம் ஆயிற்று.

என்ஜின் மாற்றுவது என்றால் செயின் பிளாக்கில் ஒன்றைத் தூக்கி, இன்னொன்றை இறக்கி, போல்ட் முடுக்குவது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பழைய கியர் பாக்ஸின் முகமும் புது என்ஜினின் முதுகும் ஒன்றோடொன்று பேசாது. போல்ட் துளைகள் வேறு இடத்தில் இருக்கும். நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து வைக்க வேண்டும். அதுதான் அடாப்டர் பிளேட். கியர் பாக்ஸின் ஷாஃப்ட் நுனி, ஃப்ளைவீலின் நடுவில் இருக்கிற சின்ன பேரிங்கில் சரியாகப் போய் உட்கார வேண்டும். கிளட்ச் பிளேட்டின் பல் ஷாஃப்ட்டின் பல்லோடு சேர வேண்டும். கீழே ஆயில் சம்ப், முன் அச்சு மேலே துள்ளும்போது அதில் இடிக்கக்கூடாது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, சாவியைத் திருப்பினால் என்ஜின் தானாக நிற்காது, டீசலை அடைக்க ஒரு கேபிள் இழுக்க வேண்டும். டீசல் என்ஜின் கனமும் அதிகம், உதறலும் அதிகம். பழைய மவுண்டிங் ரப்பர் தாங்காது. சுற்று வேகமோ பெட்ரோலைவிடக் குறைவு. அதனால் மேட்டில் நன்றாக இழுக்கிற வண்டி, சமதளத்தில் அலறிக்கொண்டு நாற்பதிலேயே நிற்கும். ஒன்றை மாற்றினால் பத்தை மாற்றியாக வேண்டும். அமைப்பு என்றால் உறுப்புகளின் கூட்டம் அல்ல, உறவுகளின் வலை என்று புத்தகத்தில் படித்ததற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

முதல் ஒர்க்ஷாப்பில் ஏற்றிக்கொடுத்த வண்டி முந்நூறு கிலோமீட்டர் ஓடவில்லை. கிளட்சை மிதித்தால் கீச்சென்று சத்தம், கியர் தானாகக் கழன்றுகொள்ளும். பிரித்தால் அந்தச் சின்ன பேரிங் பொடியாகிக் கிடந்தது. புதிது போட்டார்கள், அதுவும் போயிற்று. மூன்று பேரிங் மாற்றிய பிறகு "கியர் பாக்ஸையே மாத்துங்க" என்றார்கள். வேறு இரண்டு ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தொடவே மறுத்தார்கள். அடுத்தவன் செய்த வேலையில் கை வைக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் ஒரு மரியாதை. பழி நம் மேல் வரும் என்கிற பயமும் உண்டு.

கடைசியில் ஜீப் டிரைவர் ஒருவர் சொல்லி, ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் போனோம். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கியர் பாக்ஸைக் கழற்றச் சொன்னார். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, முள் நுனி பிளேட்டின் நடுத்துளை விளிம்பில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, பையனை என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். முள் ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது.

"பிளேட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. சென்டர்தான் இல்ல. ஒரு முடி கனம் தள்ளி நிக்குது. அந்த ஒரு முடிதான் பேரிங்கைத் தின்னுது."

ஒரு முடி. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. துளையைப் பெரிசாக்கி, ஒரு வளையம் கடைந்து வைத்து, மறுபடி முள்ளை ஓடவிட்டு, இடம் பிடித்ததும் நகராமலிருக்க இரண்டு பின் அடித்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "படிப்பா? பன்னெண்டு வயசுல பட்டறைல கூட்டிப் பெருக்கப் போனேன்" என்றார். பையன் அந்த இரண்டு நாளும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த அறிவு இப்படித்தான் கை மாறுகிறது. கை பார்த்துக் கை கற்றுக்கொள்கிறது. திட்டு உண்டு, அடி உண்டு, சம்பளம் சொற்பம். இதைக் குருகுலம் என்று புனிதப்படுத்த நான் தயாரில்லை. அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டியவன்.

6

வண்டி ஓடியது. நாங்கள் சந்தோஷத்தில் டீ வாங்கி வரச் சொன்னோம். பாய் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "என்ஜின் ஏத்திட்டீங்க. நிறுத்துறதுக்கு என்ன பண்ணீங்க?"

யாரும் யோசிக்கவில்லை. அதே பழைய டிரம் பிரேக். கனம் கூடியிருக்கிறது, இழுவை கூடியிருக்கிறது, ஏற்றுகிற பாரமும் கூடப்போகிறது. எங்கள் விஷயத்தில் பாரம் என்றால் காகிதக் கட்டும் நாலு ஆளும். அந்த மலையில் ஓடுகிற மற்ற ஜீப்புகளுக்குப் பாரம் வேறு. கம்பம், போடி வட்டாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன்னே பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் அதே மாதிரி திரும்புகிறார்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவது அந்தப் பாதைகளில் வழக்கமாயிற்று. நடைக்கு இத்தனை பேர் ஏறினால்தான் டிரைவருக்குக் கட்டுப்படியாகும், கூலி குறைவாக இருந்தால்தான் தோட்டத்துக்குக் கட்டுப்படியாகும். இந்தக் கணக்கின் மொத்தச் சுமையும் கடைசியில் பிரேக் மேலும் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களின் உடல் மேலும்தான் வந்து விழுகிறது. கொண்டை ஊசி வளைவில் உருண்ட ஜீப்புகளைப் பற்றிய செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். செய்தியில் டிரைவரின் கவனக்குறைவு இருக்கும். கூலிக் கணக்கு இருக்காது.

ஆகையால் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. 2012இல் 'ஜுகாட்' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து நிர்வாகவியல் புத்தகமே வந்தது. ஏழையின் சாமர்த்தியத்திலிருந்து கம்பெனிகள் பாடம் படிக்கலாமாம். இல்லாமையைத் திறமை என்று கொண்டாடுகிற சொல்லாடல் இது. உரிய உதிரி பாகம் கிடைத்திருந்தால், பஸ் விட்டிருந்தால், கூலி சரியாக இருந்திருந்தால் அந்தச் சாமர்த்தியத்துக்கு அவசியமே வந்திருக்காது. மெக்கானிக்கின் அறிவை மதிப்பது வேறு, அவன் தள்ளப்பட்ட நிலைமையை மெச்சுவது வேறு. விளிம்பைப் பேசுகிற நாம் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்.

சட்டம் இந்தக் குழப்பத்தை வேறு விதமாகத் தீர்க்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு நிபந்தனைகளோடு வழி விட்டிருக்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில், உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புதான் எல்லை என்று உறுதிசெய்தது. பாதுகாப்பு முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பாய் கேட்டதும் அதைத்தான். ஆனால் சட்டம் யாரை ஆசிரியன் என்று ஏற்கிறது பாருங்கள்: தயாரிப்பாளனை மட்டும். பிரதிக்கு ஆசிரியன் செத்துப்போய் அரை நூற்றாண்டு ஆயிற்று, வண்டிக்கு இன்னும் சாகவில்லை. ஒர்க்ஷாப்பின் வேலையைப் பரிசோதித்து, பிரேக்கைப் பார்த்து, தரம் சொல்லி, இன்னார் செய்தது என்று பதிந்துகொள்ளும் ஏற்பாடு எங்கள் தாலுகாவில் நாங்கள் விசாரித்த இடத்திலெல்லாம் இல்லை. தடை இருந்தது, அல்லது கண்டுகொள்ளாமல் விடுவதற்கான விலை இருந்தது. எங்கள் ஜீப் கடைசிவரை ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் வண்டியாகவே இருந்தது.

7

இந்த அத்தியாயம் முடிந்துகொண்டிருக்கிறது. 2014 அக்டோபரில் டீசல் விலையை அரசாங்கம் கைவிட்டதும், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய விலை வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 விதிப்படி வருகிற என்ஜின்களை நடத்துவது உள்ளேயிருக்கிற கம்ப்யூட்டர். அதன் மொழி கம்பெனிக்கு மட்டுமே தெரியும். கையால் சுற்றி முள்ளைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க அதில் இடம் குறைவு. பதினைந்து வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரலிலிருந்து ரத்தாகிறது, அவை ஏலத்துக்கு அல்ல, உடைப்புக்குப் போகின்றன. புகை குறைந்தால் நல்லதுதான். அந்த மலைப்பாதையில் டீசல் புகையைத் தினமும் குடித்தவர்கள் முதலில் அந்தப் பெண்கள்தானே. ஆனால் வண்டியோடு சேர்ந்து அந்த அறிவையும் உடைப்புக்கு அனுப்பிவிடுகிறோம்.

செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் பழைய லேத் பட்டறைகளிலும் ஒர்க்ஷாப்புகளிலும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நாட்டார் வழக்காற்றியல் படித்த நண்பர்கள் கதையையும் பாட்டையும் சேகரித்தது போல, இவர்களிடம் போய் உட்கார்ந்து எந்த என்ஜினை எதில் ஏற்றினார்கள், எதை எப்படிக் கடைந்தார்கள், எது உடைந்தது, யார் செத்தார்கள் என்று கேட்டு எழுதலாம். பெருமையை மட்டுமல்ல, தவறுகளையும் எழுத வேண்டும். பின்சீட்டில் போனவர்களையும் கேட்க வேண்டும். அவர்கள் இல்லாமல் எழுதினால் அது இன்னொரு கண்டுபிடிப்பாளர் வரலாறாகப் போய்விடும்.

பாயிடம் கூலி எவ்வளவு என்று கேட்டபோது ஒரு சின்ன ரசீது எழுதிக்கொடுத்தார். 'பிளேட் சென்டர் – 1' என்று இருந்தது. பிரேக்குக்குக் காசு சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார். ஆறு வாரம் கழித்துப் போனோம். அதுவரைக்கும் வண்டியை மலைக்கு எடுக்கக்கூடாது என்று சொல்லி, சாவியை அவரே வாங்கி வைத்திருந்தார்.